ராக்கெட்

கல்யாண ஊர்வலங்களில் ஆடிய கால்கள்.
மேளச் சத்தம் கேட்டால் இன்னும்
முன்னங்கால் தன்னால் தூக்கும்.
விற்றவர் வைத்த பேர் ராக்கெட்.
நாங்கள் மாற்றவில்லை.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி
ஹாரன் அடித்தாலும் காதைத் திருப்பாது.
சக்கர நாற்காலியின் கிறீச்சுக்குத்தான்
நாலு நாள் வியர்த்தது.
எண்ணெய் போடாதே என்றேன் இம்தியாஸிடம்.
வரப்போகும் நாற்காலிகள்
எண்ணெய் போட்டுக்கொண்டா வரும்?

பிறகு மஞ்சள் குடை. பலூன்.
பின்னாலிருந்து திடீரென ஒரு கத்தல்;
டெல்பினுக்கு
காசிமேட்டு ஏலத்தில் பழகிய தொண்டை.
பிடரியை நான் கொத்தாகப் பிடித்து இழுப்பேன்,
விடத் தெரியாத விரல்கள் போல.
ஆடாமல் நின்றால் ஒரு துண்டு கேரட்.
முன்பெல்லாம்
ஆடினால்தான் கிடைத்தது.

இன்று சேணத்தின் மேல் பதினெட்டுக் கிலோ
ரேஷன் அரிசி.
திங்கட்கிழமை வரும் பையனின் எடை,
அவன் அம்மா போனில் சொன்னது.
வேண்டுமென்றே கயிறு கட்டவில்லை.

தெருமுனையில் பறை. யாரோ போகிறார்கள்.
கால் தூக்கியது.
மூட்டை இடப்பக்கம் சரிந்தது.
நான் கை நீட்டுமுன்
தூக்கிய காலை இடப்பக்கமே ஊன்றி
மூட்டைக்கு அடியில் வந்து
நின்றது.

கேரட் தீர்ந்திருந்தது.
உள்ளங்கையைக் காட்டினேன்,
உப்பையாவது நக்கட்டும்.