3 ஸ்ரீ 4127இற்கு இரட்டைத் தொண்டை

பஞ்சிகாவத்தையில் பேரம் பேசி வாங்கி
இரவு பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல்
மாங்குளம் சந்தியில் விடிய நாலரைக்கு இறங்கினா
கனகேஸ்வரி ரீச்சர்.
துவாயில் சுற்றியிருந்தது.
பிள்ளையோ என்று கேட்டானாம் கொண்டக்டர்.
வெபர் என்றாவாம்.

மோறிஸ் மைனர், அறுபத்திரண்டாம் ஆண்டுக் கார்.
ரீச்சர், உது ரேஸ் ஓடுற காருக்கு, என்றேன்.
இது ஓடாத ஓட்டமா, என்றா.

பழைய காபரேற்றரைக் கழற்றினேன்.
ஒற்றைத் தொண்டை, ஒற்றை ஊசி.
கிண்ணத்தின் அடியில் கறுத்த பிசின்.
சேலைன் போத்தலில் சொட்டுச் சொட்டாய்ப் பெற்றோல் காட்டி
எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிய நாள்களின் கசடு.
பாலைக் காட்டிக் கஞ்சி பருக்கிய கதைதான்.
கழுவ வேண்டாம் என்றா,
அப்படியே பேப்பரில் சுற்றித் தரச் சொன்னா.

வெபர் கிடந்த வாக்கில் மூச்சிழுக்கும் சாதி.
அதன் இரண்டு வாய்க்கும் இடம் காணாது;
பின்தகட்டில் போய் முட்டியது.
வெட்டத்தான் வேணும்.
சோக்கட்டியால் வட்டம் கீறினேன்.
வட்டத்துக்குள் எம்சீல் அப்பிய ஒரு மேடு.
ஸ்பானரின் பின்பக்கத்தால் தட்ட, கழன்று விழுந்தது.
பெருவிரல் போகுமளவு ஓட்டை,
விளிம்பெல்லாம் உள்நோக்கி மடிந்து.

ரீச்சர் குடையைச் சாத்திவைத்துவிட்டு எட்டிப் பார்த்தா.
"அப்ப ட்ரில் பிடிக்கிற காசைக் கழி."
சிரிப்பதா என்று தெரியவில்லை.
தகரக் கத்திரியை ஒயிலில் தோய்த்து
அந்த ஓட்டையிலிருந்தே வெட்டத் தொடங்கினேன்.

ஓட்டைக்கு நேரே முன் இடப்பக்கச் சீற்.
அதற்கு மட்டும் வேறு நிற உறை.
நான் கேட்கவில்லை.

மூன்று நாள் இருமியது.
ஜெற்றை மாற்ற, மாற்றி இருமியது.
தேத்தண்ணிக் கடைக் கிருபைராசன் வந்து நின்று
என்ன விசர் வேலை, லீற்றர் விக்கிற விலையில
ரெண்டு வாயால குடிக்க விடுறாய், என்றான்.
கோட்டாவுக்கு வரிசையில் நின்ற கால் அவனுக்கு
இன்னும் உளைகிறது.

நாலாம் நாள் றபர்க் குழாயின் ஒரு நுனியைக் காதில் செருகி
மறு நுனியை ஒவ்வொரு வாயாய் வைத்தேன்.
இடப்பக்கம் சீறியது. வலப்பக்கம் பெருமூச்சு விட்டது.
ஸ்குரூவைக் கால் சுற்று. பிறகு
அதிலும் கால்.
ஒரே சீறல்.
வேறு சத்தம் எதுவும் அந்த நேரம் எனக்குக் கேட்கவில்லை,
ரீச்சர் ரெண்டு தரம் கூப்பிட்டாவாம்.

ஓட்டிப் பார்க்க அவவே ஏறினா.
எனக்கு இடப்பக்கச் சீற்.

சந்தியில் பொலிஸ்காரர் கை காட்டினார்.
எங்க போறது?
இந்தத் தெருவில் அந்தக் கேள்விக்கு
எத்தனை கடிதம், எத்தனை முத்திரை
நீட்டியிருப்பா.
சும்மா, என்றா.
சும்மா?
சும்மா.
அவர் பொனெற்றைப் பார்த்தார். உறுமலைக் கேட்டார்.
விட்டார்.

ஒட்டுசுட்டான் தெரு நேராய்க் கிடந்தது.
மிதித்தா.
கரிப்பட்டமுறிப்புக்கு முன்னமே மைல் ஊசி
எழுபதுக்கு ஏறி நடுங்கியது.
எருமைகள் தலை தூக்குமுன் தாண்டிவிட்டோம்.
பின் சீற்றில் மூட்டை இல்லை,
கூரையில் பாய் இல்லை,
கொண்டுபோய் இறக்கிவிட ஆளில்லை.
பாலை மரங்கள் மட்டும்
பக்கத்தால் பிய்ந்து பிய்ந்து போயின.

நான் கதவுக் கைபிடியைப் பிடித்திருந்தேன்.
பயமோ, என்றா.
இல்லை, என்றேன். பொய்.

திரும்பி வந்து எஞ்சினை நிறுத்தினா.
உள்ளே எங்கோ ஓர் இரும்பு
டிக், டிக் என்று ஆறியது.
சாவியைக் கழற்றாமல்
கொஞ்ச நேரம் ஸ்ரியரிங்கிலேயே கையிருந்தது.

மேல் இழுவையில கொஞ்சம் பசிக்குது இதுக்கு.
மெயின் ஜெற்றை
ஒரு நம்பர் கூட்டு.