போரதீவிலிருந்து மறுவோலை

அண்ணா,
ஓலை வந்தது. உன் எழுத்தல்ல, கணக்கனின் எழுத்து.
நலமா என்று முதல் வரி.
முகத்துவாரத்தில் எத்தனை பாகம் ஆழம் என்று
இரண்டாம் வரி.
மூன்றாவதாக, மகனுக்கு
வாள் பிடிக்கும் வயதாயிற்றா என்று.

ஆறு வயது. நண்டு பிடிக்கிறான்.
கண்ணா வேருக்குள் கைவிட்டுக் கடிவாங்கி
அழாமல் வீடு வருகிறான்.
அதை வீரமென்று கொள்வதானால் கொள்.

பதினோரு வருடத்துக்கு முன்
பன்னிரண்டு குதிரைகளையும் என்னையும்
ஒரே மரக்கலத்தில் ஏற்றினாய்.
நான்கு குதிரைகள் நடுக்கடலில் செத்தன.
அவற்றுக்காக ஆள் அனுப்பி
வன்னியனிடம் வருத்தம் சொன்னாய்.
மற்றவற்றுக்கு இந்த வாவிச் சேறு ஒத்துவரவில்லை,
குளம்பு அழுகிற்று.
இன்று மிச்சம்
ஒரு கிழட்டுப் பெட்டையும் நானும்.

நீ விசாரிக்காத ஒன்றைச் சொல்கிறேன்.

வந்த மாதமே நெல் குற்றுமிடத்தில்
ஒருத்தி உலக்கையை நிறுத்திக் கேட்டாள்:
"நீ என்ன குடிகா?"
மாறன் வழி என்றேன்,
மூன்று முடிக்குப் பெண் கொடுத்த குலம் என்றேன்.
"அது உன்ட அப்பன்ட கதை.
தாய் என்ன குடி?"
அம்மாவின் அம்மா பெயர் எனக்குத் தெரியாதென்று
அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இங்கே வீடு பெண்ணுடையது. வயலும்.
மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான்.
வன்னியனும் வந்தான் என் வீட்டுக்கு,
தானே கட்டித் தந்த வீட்டுக்கு,
வாசலில் விருந்தாளி போல நின்று கால் கழுவி.
நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது
அதுதான் முதல்.

கொக்கட்டிச்சோலையில் தேர் நிலைக்கு வந்தபின்
குடுக்கை கூறுவார்கள்.
குடியின் பெயர் சொல்லக் கூப்பிட
ஒவ்வொருவராய் எழுந்துபோய்
வெற்றிலையும் பழமும் வாங்குவார்கள்.
என் பிள்ளைகள் கூறுகிறவரின் வாயையே பார்த்திருப்பார்கள்.
எல்லாம் முடிந்து பந்தல் கலையும்போது
மகள் கேட்டாள், "நாம எப்ப?"
மடியிலிருந்த வெற்றிலையை மடித்துக் கொடுத்தேன்.
நாலு வயதுப் பிள்ளைக்கு வெற்றிலை.
வேறென்ன இருந்தது என் கையில்.

அரியணை பற்றி.
வன்னியனுக்குப் பின் அவன் மகனில்லை அண்ணா,
அக்காள் மகன்.
பொன்னாச்சி பெற்ற பூவிலங்கன்.
மீசை அரும்புகிறது, நல்லவன்,
மணலை மீன் பட்டால் எனக்கென்று எடுத்துவைக்கிறான்.
உன் மந்திரிகள் எட்டுப்பேர்
மூன்று நாள் தங்கிப் பேசி முடித்தார்களே இந்தக் கலியாணத்தை.
நெல் எத்தனை அவணம், யானை எத்தனை, தேன் எத்தனை குடம்,
எல்லாம் கேட்டார்கள்.
இதை ஒருவரும் கேட்கவில்லை.

கோபப்படாதே. இன்னும் இருக்கிறது.
இந்த நாட்டு வழமையை ஒரு நாழிகை
நம் ஊருக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்.
எனக்கு நீ அண்ணன். உனக்கு நான் ஒரே தங்கை.
அப்படியானால் நீ இருக்கும் ஆசனம்
நண்டுக் கடி ஆறாத இந்தப் பயலுக்கு.
வன்னியனிடம் சொன்னேன். பாதி இரவு சிரித்தான்.
பிறகு சிரிக்கவில்லை.

ஆழம் கேட்டாய்.
மாரியில் வாவி ஏறி வயலை மூடும்போது
ஆற்றுவாய் வெட்டுவார்கள்.
ஒரே இரவில் மணல்மேடு கடலாகிவிடும்,
கப்பலும் நுழையலாம்.
எந்த இரவென்று வன்னியன் சொல்வதில்லை.
எவள் வயல் முதலில் மூழ்குகிறதோ
அவள் சொல்ல வேண்டும்.

போன தையில் பொன்னாச்சி
தன் சீதன வயலில் ஒரு துண்டை வரம்பு கட்டிப் பிரித்து
என் மகள் பேரில் தந்தாள்.
ஏன் என்று கேட்டதற்கு
"புள்ளைக்கு ஒரு இடம் வேணுமே" என்றாள், அவ்வளவுதான்.
தாழ்ந்த நிலம்.
முதலில் மூழ்கப்போவது அதுதான்.

ஆகவே இரவை நான்தான் சொல்வேன்.
உனக்கல்ல.

இனிக் குதிரை அனுப்பாதே.
அம்மாவின் அம்மாவுக்கு என்ன பெயரென்று
அரண்மனையில் யாருக்காவது ஞாபகமிருந்தால்
அதை மட்டும் எழுது.