உப்பு குடிக்கும் சுவர்

கருவி அலறியது.
"மூன்றாவது தடவை" என்றாள் மெய்னிர்.
இரண்டு கம்பெனிகள் அடிச்சுவரில் துளையிட்டு
மருந்து ஏற்றிப் போயிருந்தன;
ரசீதுகள் பிஸ்கட் டப்பாவில்.

கீழிருந்து ஏறும் ஈரம் இடுப்போடு நின்றுவிடும்.
இது என் தோளுயரத்தில்,
வரைபடத்தில் இல்லாத தீவு மாதிரி.
கூரை சரி. பீலி சரி.
வெளியே வேல்ஸ் மழை, வழக்கம்போல் சாய்வாக.

சுவரின் ஆழத்தில் எடுத்த தூளை
எடைபோட்டு, காயவைத்து, மறுபடி போட்டேன்.
குறையவில்லை.
மேல்பூச்சை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

"இங்கே பன்றி தொங்கியதா?"
உத்தரத்துக் கொக்கியைக் காட்டினாள்.
அதில் இப்போது சைக்கிள் ஹெல்மெட்.

யாரோ என்றோ தேய்த்த உப்பு
காற்றிலிருக்கும் தண்ணீரை இன்னும் குடிக்கிறது.

"அப்போ மருந்து?"
"சுவருக்கு வேண்டாம். பூச்சை மட்டும் உரிக்கலாம்."

டப்பாவைத் திறந்து
என் ரசீதுக்கு இடம் பண்ணினாள்.