ஏழரை வாட்

ஊருக்கு மின்சாரத்தை நிறுத்துகிறவள் நான்.
அத்-பாஷியில் குளிர்காலம் வந்தால்
என்னைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.
அணையில் நீர் இறங்கிவிட்டது என்று
மேலிடத்திலிருந்து போன் வரும்.
எட்டு மணிக்கு நெம்புகோலை இழுப்பேன்:
நான்காம் பகுதி, பிறகு இரண்டு,
பிறகு என் வீடும் இருக்கும் ஆறு.

அன்றைக்கு மைனஸ் இருபத்தாறு.
தெருவில் நாய்கூடக் குரைக்கவில்லை.
பள்ளிக்கூடத்துக் கொதிகலன் அறையில் மட்டும்
ஒரு ஜன்னல் நீலமாய்த் துடித்துக்கொண்டிருந்தது.
கொக்கி போட்டிருக்கிறான் என்றுதான் நினைத்தேன்.
சொந்த மைத்துனனுக்கே அபராதம் எழுதியவள் நான்.
கதவைத் தட்டவில்லை.
தள்ளினேன்.

கவிழ்த்த வாளியின் மேல் ஜிர்கல்.
கரி அள்ளுகிறவன், கண்ணிமை வரை கரி.
எதிரே உள்ளங்கையளவு திரை;
ஏதோ மினி பஸ்ஸில்
பின்னால் பார்க்க வைத்திருந்ததாம்.
அதில் ஒரு சிவப்பு வண்டி
விக்கி விக்கி மலையேறிக்கொண்டிருந்தது.

கம்பி எங்கே போகிறது? என்றேன்.
லாரி பேட்டரியைக் காட்டினான்.
கம்ப்யூட்டர் எங்கே?
கதவிடுக்கைக் காட்டினான்.
தீப்பெட்டி இரண்டை ஒட்டியது போல் ஒரு பலகை,
வெளிக்குளிர் உள்ளே நுழையும் இடத்தில்
நூலில் தொங்கியது.
"மின்விசிறி கிடையாது அக்கா.
சூடானால் தள்ளாடும். அங்கேதான் அதுக்கு நல்லது."

விண்டோஸா?
"இவ்வளவு சின்ன வயிற்றில் அது எங்கே அடங்கும்?
லினக்ஸ். பட்டினி கிடந்து பழகியது."

மீட்டரை எடுத்துக் கவ்வினேன்.
பன்னிரண்டரை வோல்ட்.
பூச்சியம் புள்ளி ஆறு ஆம்பியர்.
ஏழரை வாட்.
என் கையிலிருந்த டார்ச் பத்து.
டார்ச்சை அணைத்தேன்.

விளையாட்டை அவனே கட்டி எடுத்தானாம்,
மூல நிரலிலிருந்து, மூன்று ராத்திரி.
எழுபத்தொரு விழுக்காட்டில்
நினைவகம் போதாமல் செத்துப்போனது இரண்டு தடவை.
"ஒரு நேரத்துக்கு ஒரு வேலை போதும்னு சொல்லிட்டு
நான் பாட்டுக்குக் கரி போட்டேன்.
விடியும்போது முடிச்சிருந்தது."

ஏன் மலை மொட்டையாக இருக்கிறது?
"மரத்தில் இலையை அணைச்சேன்.
நிழலை அணைச்சேன்.
தண்ணீர் பளபளப்பு, புகை, வேடிக்கை பார்க்கிற ஜனம்,
வானத்தில் மேகம்..."
விரல் விட்டுக்கொண்டே போனான்.
நான்காம் பகுதி, இரண்டு, ஆறு.
எதை விட்டு வைத்தாய்?
"பாதையை. அப்புறம்
முன்னால போற வண்டியை."

முன்னால் போனது கண்ணாடி போல் ஒரு வண்டி.
நேற்றிரவு அவன் ஓட்டியதைக்
கணினி நினைவில் வைத்திருந்து
இன்று அவனுக்கு எதிராகவே விடுகிறது.
வினாடிக்குப் பதினான்கு படம்தான்.
வளைவு வரும்போது பதினொன்று.
"பார்த்துத் திருப்பக் கூடாது,
வரும்னு நினைச்சுத் திருப்பணும்."

கைப்பிடியை நீட்டினான்.
ஒரு பொத்தான் இல்லை; அங்கே தீக்குச்சி.
வேலை நேரம் என்றேன்.
அவன் எழுந்து கொதிகலனின் வாயைத் திறந்தான்,
குழாய் உறைந்தால் அவனைத்தான் கேட்பார்கள்.
நெருப்பு வெளிச்சம் என் முழங்கால் வரை வந்தது.
ஆறு மண்வாரி.
அதற்குள் நான் மூன்று தடவை
அதே பாறையில் மோதியிருந்தேன்.

பதிவேட்டில் எழுதினேன்:
பள்ளிக் கொதிகலன் அறை. திருட்டு இல்லை.
குறிப்பு என்ற கட்டத்தில்
ஏதோ எழுதப் போய்
பேனா உறைந்திருந்தது.

அடுத்த செவ்வாய் மறுபடி அந்தப் பக்கம் போனேன்.
சோதனைக்குத்தான்.
ஜன்னலில் பனியைச் சுரண்டிப் பார்த்தால்
திரையில் இரண்டு கண்ணாடி வண்டிகள்.
ஒன்று அவனுடையது, வெண்ணெயில் கத்தி போல் போகிறது.
மற்றது பாறையில் மோதுகிறது,
பின்வாங்குகிறது, மறுபடி மோதுகிறது.
ஜிர்கல் வாளி கவிழச் சிரிக்கிறான்.

கதவைத் தள்ளினேன்.
கையுறையைக் கழற்றினேன்.
"அதை அழி," என்றேன்.
"தள்ளி உட்கார்."