நான்கு விநாடி

மான்குர்த் ஸ்டேஷனுக்குப் பின்னால்
ஏழாவது மாடி அறையில்
ஒலிப்பதிவை மூன்றாம் முறையாக ஓட்டுகிறேன்.
பேட்டி எண் முப்பத்தொன்று. ஜெய்லானி, ஒன்பதாம் வகுப்பு,
சீத்தா கேம்ப் மாநகராட்சிப் பள்ளி.

ஐந்து ரூபாய் நாணயத்தைச் சுண்டச் சொன்னேன்.
சுண்டினான். மின்விசிறியில் பட்டு
அலமாரிக்கு அடியில் போனதைத் தேடி எடுக்கவே
ஒன்றரை நிமிடம்.
பதிவில் அது முழுக்க நாற்காலி இழுபடும் சத்தம்.

"கைய விட்டுப் போயிடுச்சு. இன்னும் ஏறிக்கிட்டு இருக்கு.
இப்ப அது மேல என்னென்ன விசை?"

என் அட்டவணையில் அவன் பதில்
மூன்று வாரமாக இப்படி இருக்கிறது:
"கையோட தம் அதுக்குள்ள இருக்கு மிஸ்.
தம் தீர்ந்தா விழும்."
குறியீடு பி-4. எறிந்த விசை கூடவே போகிறது என்னும் பிழைக்கருத்து.
நாற்பது பேரில் இருபத்தாறு பேர்
இதையேதான் சொன்னார்கள்,
மூன்று விதிகளையும் ஒப்பித்த அதே வாயால்.

இன்று காதில் புது இயர்போன்.
தண்ணீர் லாரி பின்னுக்கு வரும் பீப் பீப்புக்கு அடியில்
அதற்கும் முந்தி ஒரு பதில்:
"கீழ இழுக்குறது மட்டும்தான். வேற என்ன இருக்கு?"

சரியான பதில்.

பிறகு நான்கு விநாடி.
நான் பேசவில்லை.
பேசக் கூடாது; விதிமுறை, நானே எழுதியது, பக்கம் இரண்டு:
பேட்டியாளர் சரி தவறு காட்டலாகாது.
ஆனால் மற்ற பதிவுகளைத் தேடிக் கேட்டேன்.
நான் எதிர்பார்த்த பிழை வரும்போதெல்லாம்
ஒரு "ம்ம்" இருக்கிறது.
தாளில் பேனா ஓடும் சத்தமும்.

ஐந்தாம் விநாடியில் ஜெய்லானியின் குரல் இறங்குகிறது:
"இல்ல... கையோட தம்மும் இருக்கும்ல மிஸ்?"
"ம்ம்" என்கிறேன்.
எவ்வளவு கனிவாக.

ஏறிய நாணயம் உச்சியில் ஒரு கணம் நிற்கும்.
வேகம் சுழியம். விசை சுழியம் அல்ல.
வகுப்பு வகுப்பாய் இதைக் கேட்டுத் திரிந்தவள்
என் மௌனத்தை மட்டும்
ஒன்றும் செய்யாதது என்று எண்ணியிருக்கிறேன்.

பி-4ஐ அழித்தேன். பதிலுக்கு எதை எழுத?
அவனுக்குத் தெரியும் என்றா?
தெரிந்ததை நான்கு விநாடி
என் முகத்துக்கு எதிரே பிடித்து வைக்க முடியவில்லை என்றா?
எல்லாக் கட்டங்களும் மாணவர்களுக்கே.
வலது ஓரத்தில் ஒரு வரிசை சேர்த்தேன். தலைப்பு இடவில்லை.
கேல்கர் மேடம் கருத்தரங்குக்கு அனுப்பியாகிவிட்டது:
அறுபத்தைந்து சதவீதம்.

பதிவு இன்னும் ஓடுகிறது.
கதவு கிறீச்சிடுகிறது. வாசலில் அவன்:
"மிஸ், காசத் திருப்பிக் குடுக்கணுமா?"
"வேணாம், வச்சுக்கோ."
சுண்டுகிறான். டிங்.
விழுந்ததா, பிடித்தானா,
அதற்குள் நான் பதிவை நிறுத்தியிருக்கிறேன்.