தண்ணீர் தெளிப்பவள்

நாலு மணிக்கு
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்குவோம்.
ஒன்றே கால் மா கத்தரி.
கொள்ளிடத்துப் படுகை மண்
செருப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு
காலை மட்டும் திருப்பித் தரும்.

விளக்கு விழுகிற இடத்தில் மட்டும்
காய் ஊதாவாக இருக்கிறது.
மற்றது கைக்குத்தான் தெரியும்.
காம்பு முள் குத்தினால்
கை சரியான இடத்துக்குப் போயிருக்கிறது.
தடவினால் கிரீச்சென்றால் பதம்.

பறித்ததை வரப்பில் கொட்டிப்
பனியைத் துடைக்க வேண்டும்.
அதற்கென்றே என் பழைய நைட்டி ஒன்று.
ஈரத்தோடு போனால்
தாராசுரம் மார்க்கெட்டில் தரகர்
மூட்டைக்கு இரண்டு கிலோ கழித்து எழுதுவார்.
குணாளன் ஒவ்வொரு காயையும்
குளித்து வந்த பிள்ளையின் தலையைப் போலத் துவட்டுகிறார்.
என் தலையை ஒருநாளும் துவட்டியதில்லை.

ஐந்தரைக்கு மூட்டை டிவிஎஸ்ஸில் ஏறும்.
எட்டேகாலுக்கு நான் பஸ்ஸில்.
கம்பியைப் பிடிக்கிற கையில்
முள் கீறல் வியர்வை பட்டு எரியும்.

கும்பகோணத்தில், குளிரூட்டிய கடையில்
எனக்குப் பச்சைக் கோட்டு.
மங்கையற்கரசி என்று எழுத இடம் போதாமல்
வில்லையில் மங்கை.
காய்கறி அடுக்கு என் பொறுப்பு.
மணிக்கு ஒரு தடவை
நீலக் குப்பியால் தண்ணீர் தெளிக்க வேண்டும்.
'பொடிப்பொடியா விழணும், பனி மாதிரி'
என்று சொல்லிக்கொடுத்தார் மேலாளர் ரிஸ்வான்.
எனக்குப் பனி தெரியும் என்று நான் சொல்லவில்லை.

காலையில் துடைத்ததைப்
பதினொரு மணிக்குப் போடுகிறேன்.
பன்னிரண்டுக்கு மறுபடி.

இங்கே வரும் கத்தரி
தாராசுரத்தில் ஏலம் போய்
திருச்சி குடோனில் இரண்டு ராத்திரி படுத்து
தட்டில் நாலு நாலாக, மெல்லிய தாள் போர்த்தி
வந்த வழியே வேனில் திரும்பி வருகிறது.
எங்கள் காயாகவும் இருக்கலாம்.
கேட்டால் சொல்லாது.
தடவினால் சத்தமில்லை,
முள் ரப்பராகிவிட்டது.
கிலோ பதினொன்றுக்குப் போனது
கால் கிலோ இருபத்திரண்டு.

'புதுசா?' என்று கேட்பார்கள்.
'காலையில வந்ததும்மா.'
பொய்யில்லை, காலையில்தான் வந்தது.
ஒரு அம்மா தாளுக்கு மேலேயே அழுத்திப் பார்த்து
'புழு இருக்காதே?' என்றார்.
இருக்காது.
புழு எங்கள் வீட்டில் இருக்கிறது.
ஓட்டை விழுந்ததைத்தான் நாங்கள் தின்கிறோம்,
அதன் பங்கை அறுத்துப் போட்டுவிட்டு.
பறித்த சூட்டில் வதக்கினால்
கத்தரி சட்டியில் வெண்ணெய் மாதிரி உட்கார்ந்துவிடும்.
உப்பைக்கூட யோசித்துத்தான் போட வேண்டும்.
இதையெல்லாம் அந்த அம்மாவிடம் சொன்னால்
தட்டைத் திரும்ப வைத்துவிடுவார்.

நாங்களும் ஒன்றும் யோக்கியம் இல்லை.
மருந்தடித்த ஐந்து நாளைக்கு
எங்கள் அடுப்பில் கத்தரி ஏறாது.
அந்த ஐந்து நாளும் மூட்டை போகிறது.

சம்பள நாளில்
ஊழியர் தள்ளுபடியில் ஆப்பிள் வாங்குவேன்.
எந்த நாட்டிலோ போன வருஷம் பறித்தது.
மெழுகுப் பளபளப்பு, கடித்தால் பஞ்சு.
இனியனுக்கு அதுதான் உசத்தி.
கொல்லைக் கொய்யாவை அணிலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு
ஆப்பிளின் ஸ்டிக்கரைச் சேர்த்து வைக்கிறான்:
பம்புசெட்டுக் கதவில், சைக்கிள் மட்கார்டில்,
ஒரு முறை என் பெயர் வில்லைமேல்.
அன்று பாதி நாள்
நானே நியூசிலாந்திலிருந்து வந்தவளாக நின்றிருக்கிறேன்.

நேற்று விடியுமுன்
மூன்றாவது பாத்தியில் விளக்கு விழுந்தபோது
செடியில் தொங்கிய ஒரு காயில்
சிவப்பு வட்டம், நாலு எண்.
எப்போது வந்து ஒட்டினானோ.
குணாளன் துணியோடு வந்தார்.
'அது கிடக்கட்டும்' என்றேன்.
ஸ்டிக்கரின் மேலும் பனி பிடித்திருந்தது.

இன்று போய்ப் பார்த்தேன்.
காய் பெருத்திருக்கிறது.
ஒரு ஓரம் கிளம்பிவிட்டது.