மூன்று லாரி

தொலைபேசியில் முதலில் நீளம்தான் வந்தது:
பதினாலரை மீட்டர். மூக்கு நுனியிலிருந்து
வால் பிளவு வரை, நேர்கோட்டில்.
முதுகின் வளைவோடு நாடா போனால் பொய் சொல்லும் என்றாள்
மொராக் கன், கால்நடை மருத்துவர்,
டன்னெட் கடற்கரையின் காற்றுக்குள்ளிருந்து.

எடை எவ்வளவு என்றேன்.
என் வேலை அதுதான்: தெர்சோவுக்கு வெளியே
குப்பைமேட்டு வாசலில் லாரி எடைமேடை.
நிறைந்து வருவதிலிருந்து
வெறுமையாய்ப் போவதைக் கழிப்பவன்.

நீளத்தை மூன்று முறை தன்னோடு பெருக்கு என்றாள்,
முழு மூன்றும் இல்லை, கொஞ்சம் குறைவு,
வளர வளர ஒல்லியாகும் சாதி.
பிறகு ஒரு சின்ன எண்ணால் குறுக்கு.
முப்பது டன் என்று வை.

யானை இறந்தாலும் ஆயிரம் பொன்.
திமிங்கலத்துக்கு டன்னுக்கு இத்தனை பவுண்டு என்று
நாம்தான் கட்டவேண்டும்.
ரசீதில் வகை கேட்கும் கட்டத்தில்
மரம், கம்பி, மெத்தை, தோட்டக்கழிவு இருந்தன.
'பிற' என்று அழுத்தினேன்.

முதல் லாரி எட்டாயிரத்து இருநூற்று நாற்பது கிலோ.
இரண்டாவது ஏழாயிரத்து நானூற்று அறுபது.
ஓட்டுநர் கண்ணாடியை இறக்கவேயில்லை,
கையால் மட்டும் சைகை.
மூன்றாவது ஐந்தாயிரத்துச் சொச்சம்.
அதன் பின்னால் தன் காரில் மொராக்,
முழங்கை வரை நெய்.

இன்னொன்று வருகிறதா?
இல்லை. அவ்வளவுதான்.

இருபத்தோரு டன்.
மேடையைச் சந்தேகித்தேன்;
போன மாதம்தான் முத்திரை வைத்தார்கள்.
மணல் குடித்த ரத்தம், அறுக்கும்போது அலை அள்ளியது,
தாராளமாய் மூன்று டன் என்றாள்.
மீதி ஆறு?

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே
கொழுப்பின் தடிமனைக் காட்டினாள்.
பிறகு விரல்களை அகட்டி
இருந்திருக்கவேண்டியதை.
பட்டினியில் எலும்பு குட்டையாவதில்லை.
நாடாவுக்குப் பசி தெரியாது.
ஆழமில்லாத கடலுக்குள் திரும்பி
எத்தனை வாரமோ.

காரில் ஒரு வாளி இருந்தது.
அத்தனை பெரிய இரைப்பையில் கிடைத்தது இவ்வளவே:
கிளிமூக்கு போலக் கறுத்து வளைந்த
கணவாய் அலகுகள், ஒரு கைப்பிடி.
இதையும் நிறுத்துவிடு என்றாள், கணக்கு முடியட்டும்.
மேடை நடுவில் வைத்து விலகி நின்றாள்.

இருபது கிலோவுக்குக் கீழே
அந்தத் தராசுக்குக் கண் கிடையாது.
தெரிந்தும் பொத்தானை அழுத்தினேன்.
காகிதம் வந்தது: பூஜ்யம்.
கிழித்துக் கொடுத்தேன்.
நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.